உத்தரவில்லாமல் திறந்த ஷட்டர்

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ராஜையனுக்கு வருகிற கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். திருவனந்தபுரத்து மராமத்து இலாகாவிலிருந்து வரும் காகிதமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். மலையாளம் பேசினால் விளங்கும், எழுத்து தெரியாது. தோப்புவிளையில் இரண்டும் படித்தவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற நான் ஒருத்திதான். முதல் இரண்டு வருஷம் அவர் நேரே வரமாட்டார். மனைவி செல்லபாயிடம் கொடுத்தனுப்புவார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டி, "என்னத்தையோ எழுதியிருக்கான் டீச்சர், வேலையை விட்டுப் போகச் சொல்லல்லியே?" என்று கேட்பாள். எல்லாக் காகிதத்துக்கும் அதே கேள்விதான்.

நெடும்பற்றுக் குளத்தின் கரைக்கு வடக்கே தண்ணீர். தெற்கே, கரையின் அடியில், எங்கள் தோப்புவிளை. பதினொரு வீடு, ஒரு ஜெபவீடு, பள்ளிக்கூடம். குளம் நிறைந்து நிற்கும்போது தண்ணீர் எங்கள் பள்ளிக்கூட ஓட்டைவிட உயரத்தில் நிற்கிறது என்பதை வேலைக்கு வந்த வருஷம் நான் கவனிக்கவில்லை. ஒரு கார்த்திகை மாதம் ராஜையன்தான் கரைமேல் நின்று கையிலிருந்த கம்பைப் படுக்கையாக நீட்டிக் காட்டினார். கம்பின் ஒரு நுனி தண்ணீர் மட்டத்துக்கு நேர். மறு நுனிக்கு நேரே பார்த்தால் ஓட்டு முகடு கீழே கிடந்தது. "வேற ஒண்ணுமில்ல டீச்சர். தெரிஞ்சு இருக்கட்டும்ணுதான்" என்றார். அன்றிலிருந்து மழைக்காலத்தில் கரும்பலகையில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் கரை இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்கு மறுகால் என்று பெயர். கரையின் மேற்குக் கோடியில் கல் கட்டி, அதன் மேல் பதினான்கு குத்துக்கல் வரிசையாக நட்டிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் வழியும். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் நடவு முடிந்து, கார்த்திகையில் மழை ஓயப்போகிறது என்று தோன்றும்போது நெடும்பற்று விவசாயிகள் அந்த இடைவெளிகளில் புல்லோடு வெட்டிய மண்கட்டியையும் வைக்கோலையும் திணித்து அடைத்துவிடுவார்கள். இரண்டு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். தை மாதம் கதிர் பால் பிடிக்கும்போது அந்த இரண்டு முழம்தான் காப்பாற்றும். இது அவர்கள் பாட்டன் காலத்து வழக்கம்.

அந்த வழக்கத்தில் இன்னொரு பாதி இருந்தது. அடைத்த அன்றே வீட்டுக்கு ஒருவர் என்று முறை போட்டு மறுகால் பக்கத்தில் ஓலைக்குடிசை கட்டிக் காவல் இருப்பார்கள். குத்துக்கல்லின் கழுத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், காவலிருப்பவன் யாரையும் கேட்காமல் இரண்டு அடைப்பை உருவிவிட வேண்டும். முறை தவறியவனுக்கு அந்தப் போகத்துக்கு மடைத்தண்ணீர் கடைசியில்தான்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றைந்தில் அரசாங்கம் ராஜையனைச் சம்பளத்துக்கு லஸ்கராக வைத்தது. மறு வருஷம் மறுகாலுக்குப் பக்கத்தில் சாவி போட்டுத் திருகுகிற இரும்பு ஷட்டர் வந்தது. அதைத் திறந்தால் தண்ணீர் பழைய ஓடை வழியாக மேற்கே வயல்களுக்குள் இறங்கும். கூடவே மழையை அளக்க ஒரு பித்தளைச் செம்பும் வந்தது. தினம் காலை எட்டு மணிக்கு அதிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அங்குலக் கணக்குப் பார்த்து, மாதம் ஒருமுறை அனுப்ப வேண்டும். அந்த வருஷம் கார்த்திகையிலும் நெடும்பற்றுக்காரர்கள் மறுகாலை அடைத்தார்கள். ஓலைக்குடிசை மட்டும் கட்டவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பாதை கரைமேல் ஏறுகிற இடத்தில், ஒரு காப்பிக்கடை உண்டு. நாங்கள் மனக்கணக்குப் போடும் நேரத்தில் அங்கே ராஜ்ய விவகாரம் நடக்கும். ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகளுக்கு வெளிச்சமில்லை. அதனால் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் இரண்டு குரல்தான். ஒன்று கோலப்ப பிள்ளையுடையது. ஷட்டர் ஓடையை ஒட்டி ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு வயல் அவருக்கு. இன்னொன்று அவர் மருமகன் முறையுள்ள நீலகண்டனுடையது. நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாரத்தில் இரண்டு நாள் ஊரிலிருப்பான்.

"வேய் நீலகண்டா, இந்தச் செம்பு எதுக்குண்ணு கேக்கேன். மழை பெய்தா நமக்குத் தெரியாதா? நனைஞ்சாத் தெரியும்லா?"

"மாமா, திருவனந்தபுரத்துல உக்காந்திருக்கவனுக்கு நனையாமலே தெரியணும். அதுக்குத்தான்."

"கொள்ளாம். சம்பளத்துக்கு ஒருத்தன், திருகுகதுக்கு ஒரு இரும்பு. பெறகு நம்ம பயக்க எதுக்குப் பனியில கெடந்து காக்கணும்? அடைக்கது நாம, காக்கது சர்க்கார். சரிதானே ராஜையா?"

கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ராஜையன் நின்றார். "அடைக்காதேண்ணு சர்க்கார் சொல்லுகு பிள்ளைவாள். அடைக்காதேண்ணு சொன்னதை நான் எப்படிக் காக்க? ஒருத்தன் ராவும் பகலும் இத்தனை அடைப்பைப் பாக்க முடியாது. உருவவும் முடியாது. ஓலைக்குடிசையை நீங்க திரும்பக் கட்டணும்."

"உனக்கு வெள்ளத்தைப் பத்தி என்னலே தெரியும்? பனையைப் பத்திக் கேட்டாச் சொல்லுவே."

"பனையில ஏறினவனுக்குத்தான் குளம் முழுசும் தெரியும் பிள்ளைவாள்."

கடையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு நீலகண்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டம் சொன்னான். "மறுகால் அரசாங்கத்துச் சொத்து. அதுல என்ன நடந்தாலும் அரசாங்கம் பொறுப்பு. இந்த ஊர்ல அரசாங்கம்ணா யாரு? இன்னா, நம்ம முன்னால நிக்கி."

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ராஜையனும் சிரித்தார். அன்று சாயங்காலம் அவர் தாமே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, மறுகாலை அடைத்திருப்பதாக மேலே எழுதினால் என்ன நடக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

நூற்றொன்பதாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. செல்லபாயும் அவரும் சேர்ந்தே வந்தார்கள். நான் வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மறுகால்களை அடைப்பது குற்றம். அடைப்பைக் கண்டால் லஸ்கர் உடனே ஓவர்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவரும் உடந்தையாகக் கருதப்படுவார். எழுத்து மூலமான உத்தரவில்லாமல் ஷட்டரைத் திறக்கக் கூடாது.

"ஓவர்சியர் எங்க இருக்காரு? ஆறு மைல். எழுத்து வாறதுவரை வெள்ளம் நிக்குமா டீச்சர்?"

"அதைப்பற்றி இதில் ஒன்றுமில்லை."

"ஒண்ணுமே இல்லியா? பின்பக்கம் பாருங்க."

பின்பக்கத்தையும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கார்த்திகை முதல் வாரம் நெடும்பற்றுக்காரர்கள் வழக்கம்போல அடைத்தார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழை குறைவு என்பதால் பதிமூன்று இடைவெளியையும் அடைத்தார்கள். ராஜையன் சொல்ல நான் மலையாளத்தில் ரிப்போர்ட் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. அடைத்தவர்களின் பெயர், வீட்டுப் பெயர், தகப்பனார் பெயர் எழுதி அனுப்பவும்.

"பேரு எழுதாண்டாம்" என்றாள் செல்லபாய். "அவங்க கிணத்துலதான் நாலு மாசம் தண்ணி கோருகேன்."

ராஜையன், ஊர் முழுக்கச் சேர்ந்து செய்ததால் தனிப்பெயர் சொல்ல இயலவில்லை, அடைப்பை எடுக்கப் பத்து ஆள் அனுப்பவும் என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன். அதற்கும் பதில் வந்தது. பெயர் விவரம் வந்த பிறகே மேல்நடவடிக்கை. இப்படிக் காகிதம் போய் வந்துகொண்டிருக்க, அடைப்பில் வைத்த புல் வேர்விட்டுப் பச்சையாகத் தழைத்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே இடைவெளி இருந்ததே தெரியாது.

ரிப்போர்ட் போனதை நீலகண்டன் நாகர்கோவிலில் எப்படியோ தெரிந்துகொண்டான். அதன்பிறகு காப்பிக்கடையில் ராஜையனைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் கோலப்ப பிள்ளை மட்டும், "எழுது மக்கா, எழுது. உனக்குக் கையும் இருக்கு, எழுத ஆளும் இருக்கு" என்றார். சொல்லும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

கார்த்திகை இருபத்திரண்டு தொடங்கி விடாமல் மழை. இருபத்துமூன்று சாயங்காலம் ராஜையன் ஷட்டரைத் திறக்க உத்தரவு கேட்டு ஓவர்சியருக்கு என்னிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினார். ஆள் திரும்பவில்லை. வழியில் தரைப்பாலம் முங்கிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. இருபத்துநான்கு காலையில் மழைச்செம்பு நிரம்பி வெளியே வழிந்துகொண்டிருந்ததாம். எவ்வளவு பெய்தது என்று அளக்க வழியில்லை. குத்துக்கல்லின் கழுத்துக்கோடு தண்ணீருக்குள் போயிருந்தது.

அவரும் செல்லபாயும் நெடும்பற்றுக்குப் போனார்கள். கோலப்ப பிள்ளை வீட்டு வாசலில் மழையில் நின்றபடியே பேசினார்கள். அங்கே நடந்ததைச் செல்லபாய் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருமுறைகூட வார்த்தை மாறியதில்லை.

"பிள்ளைவாள், பத்து ஆளு தாங்க. ஆறு அடைப்பையாவது உருவிவிடணும். கரை மேல்மட்டத்துக்கு ஒரு முழம்தான் பாக்கி."

"எந்த அடைப்பு?"

ராஜையன் மறுகால் பக்கம் கையை நீட்டினார்.

"நாங்க அடைச்சோம்ணு நீதானே எழுதியிருக்கே. இப்ப வந்து உருவினா, அடைச்சவன் நாங்கதான்ணு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். அந்தக் கல்லுப் பக்கம் ஒருத்தனும் போகப்பிடாதுண்ணு நீலகண்டன் கட்டாயமாச் சொல்லியிருக்கான்."

"ஒரு பேரும் எழுதல்ல பிள்ளைவாள். சத்தியமா எழுதல்ல."

"இண்ணைக்கு எழுதல்ல. ஆளைக் கண்ணால பாத்தா நாளைக்கு எழுதுவே. எழுதாட்டி உன்னை விடுவானா?"

"கரை போனா?"

"கரை சர்க்கார் கரை" என்றார் பிள்ளை. அவர் முகம் அப்போது நன்றாக இல்லை என்பாள் செல்லபாய். உள்ளே போகவும் இல்லையாம், வெளியே வரவும் இல்லையாம்.

"அப்ப நான் ஷட்டரைத் திறக்கேன். உங்க நடவு மண்ணுமூடிப் போகும்."

"உத்தரவு இருக்கா?"

"இல்ல."

"அப்பத் திறக்காதே. நான் சொல்லிட்டேன்."

ராஜையன் திரும்பி வரும் வழியில் பள்ளிக்கூடத்துக்குள் தலையை நீட்டினார். மழையென்று பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். "டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்து மேட்டுக்குப் போயிருங்க. வீடுவீடாச் சொல்லிக்கிட்டே போங்க. சாமான் ஒண்ணும் எடுக்காண்டாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. தோப்புவிளையில் உயரமான இடம் அது ஒன்றுதான். கல்லறைகளுக்கு நடுவே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தொண்ணூறு பேர் நின்றோம். பிள்ளைகள் முதலில் விளையாட்டென்று நினைத்தார்கள். பிறகு பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தார்கள்.

அங்கிருந்து பார்த்தால் மழையினூடே ஷட்டர் மேடை தெரிந்தது. சாவியின் இரண்டு கைப்பிடியையும் ராஜையனும் செல்லபாயும் ஆளுக்கொன்றாகப் பிடித்துச் சுற்றி வந்தார்கள். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் திறக்காத இரும்பு. அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டு என் பக்கத்தில் நின்றவளின் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு அந்தச் சத்தம் நின்று வேறொரு சத்தம் வந்தது. மேற்கே பச்சையாக இருந்த வயல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்த தண்ணீருக்குள் போயின. முதலில் போனது கோலப்ப பிள்ளையின் வயல்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குளத்துத் தண்ணீர் ஏறுவது நின்றது. நான்கு மணிக்கு மறுகாலில் ஏழெட்டு அடைப்புகள் தாமாகவே பிய்த்துக்கொண்டு போயின. மறுநாள் வெயில் அடித்தபோது பதினான்கு குத்துக்கல்லும் கழுவிவிட்டதுபோல வெறுமையாக நின்றன. ஒரு புல்கூட இல்லை. மிச்சமிருந்த அடைப்புகளை வெள்ளம் கொண்டுபோயிற்றா, வேறு யாராவது விடியற்காலையில் வந்து எடுத்தார்களா என்று நான் சொல்ல முடியாது. கரை உடையவில்லை. தோப்புவிளையில் ஒரு பானைகூட உடையவில்லை.

மார்கழியில் விசாரணை. எஞ்சினீயர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். விவசாயிகள் தரப்பில் நீலகண்டன் எழுதிக் கொடுத்த மனுவில், மறுகாலை யாரும் அடைக்கவில்லை, லஸ்கர் உத்தரவின்றி ஷட்டரைத் திறந்து எட்டுக் கோட்டை விதைப்பாட்டு நடவை அழித்தார் என்று இருந்தது. என்னைக் கூப்பிட்டு, ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அடைப்பை நான் கண்ணால் பார்த்தேனா என்றார்கள். பச்சையாகத் தெரிந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன் என்றேன். போகச் சொன்னார்கள். நான் போகாமல் வாசலோரம் நின்றேன்.

எஞ்சினீயர் ராஜையனை இங்கிலீஷில் கேட்டார், ஓவர்சியர் தமிழில் சொன்னார். "கரை உடைந்துவிடும் என்று எப்படித் தெரியும்?"

"வெள்ளம் ஏறினதைப் பாத்தேன் ஐயா."

"ஆனால் உடையவில்லையே."

"திறந்ததுனால உடையல்ல ஐயா."

"திறக்காமல் இருந்தாலும் உடையாமல் இருந்திருக்கலாம் அல்லவா?"

ராஜையன் யோசித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். பெயர்களை மறைத்தவர்தான். ஆனால் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது. "இருந்திருக்கலாம் ஐயா" என்றார்.

எஞ்சினீயர் அதை எழுதிக்கொண்டார்.

தை மாதம் காகிதம் வந்தது. செல்லபாய் நீட்டும்போது வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வேலையிலிருந்து நீக்கம். சிக்கனத்தை முன்னிட்டு அந்த லஸ்கர் பதவியே ரத்து. இனி ஷட்டர் சாவி ஓவர்சியர் ஆபீசில் இருக்கும்.

மாசியில் ராஜையன் வீட்டைப் பிரித்தார். ஓலை, கைமரம், கதவு நிலை எல்லாவற்றையும் இரண்டு வண்டியில் ஏற்றினார். அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே, குளமும் ஆறும் இல்லாத செம்மண் தேரி மேட்டில், செல்லபாயின் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. காப்பிக்கடையில், "லஸ்கர் மழை பெய்யாத ஊராப் பாத்துப் போகான்" என்று ஒருவர் சொல்ல, "செம்பையும் கொண்டு போலே, நனையாம இருக்கட்டும்" என்றார் இன்னொருவர். கோலப்ப பிள்ளை சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

வண்டி புறப்படுமுன் நான் ராஜையனிடம் கேட்டேன். "கரை உடையுமா?"

"அது எனக்குத் தெரியாது டீச்சர். இந்த வருஷம் உடையாது, அடுத்த வருஷம் உடையாதுண்ணு சொல்லிக்கிட்டே நாப்பது வருஷம் ஓடினாலும் ஓடும். எனக்கு இங்க படுத்தா உறக்கம் வரல்ல. அதுதான்." வண்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "உங்களையும் போகச் சொல்லணும். சொன்னாப் பள்ளிக்கூடம் யார் நடத்துவா?" என்றார்.

பள்ளிக்கூடத்தை மேட்டுக்கு மாற்றும்படி நான் மிஷன் கமிட்டிக்கு எழுதினேன். ஆபத்து உண்டென்று தகுதியுள்ள அதிகாரி யாராவது சான்று கொடுத்திருக்கிறாரா என்று கேட்டுப் பதில் வந்தது.

இப்போது நூற்றுப் பதினொன்றாம் ஆண்டு கார்த்திகை. பதினைந்து நாளைக்கு முன் மறுகாலை மறுபடியும் அடைத்தார்கள். பதிமூன்று இடைவெளியும். ஓலைக்குடிசை இல்லை. லஸ்கர் இல்லை. சாவி ஆறு மைலில்.

போன திங்கட்கிழமை கோலப்ப பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் அறிய அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை. உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே குடையை ஊன்றி நின்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பிள்ளைகள் டீச்சர்?"

"முப்பத்தொன்று."

"வானம் கறுத்தா இவங்களை வீட்டுக்கு அனுப்பிரணும். வீட்டுக்குண்ணா, அந்தக் கல்லறை மேட்டுக்கு."

"மறுகாலை நீங்கள் உருவிவிடக் கூடாதா?"

"நான் ஒருத்தன் அடைச்சதில்லியே, நான் ஒருத்தன் உருவ. ஊருலே கேட்டா, போன தடவையும் ஒண்ணும் ஆகல்லியேண்ணு சொல்லுகான்." குடையை எடுத்துக்கொண்டார். "நான் சொல்லிட்டேன், கேட்டியளா? சொல்லல்லைண்ணு நாளைக்கு இருக்கப்பிடாது. இனி உங்க பாடு."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வடகிழக்கே கறுத்தது. பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளை மேட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் நின்றோம். நாலு தூறல் விழுந்தது, வெயில் வந்துவிட்டது. சாயங்காலம் இரண்டு தாய்மார் வந்து, பிள்ளைகளைக் கல்லறையில் நிறுத்திப் பயங்காட்டுவதாகச் சண்டை போட்டார்கள். காப்பிக்கடையில் எனக்கு லஸ்கரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு மனு எழுத நீலகண்டனைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் கேள்வி.

இன்று காலை மறுபடியும் கறுத்திருக்கிறது. முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள்.